அஞ்சேகால் இஞ்ச் பிளாப்பியில் மாட்டிக்கிடக்கும் 1988 ஆய்வேடு: எப்படி எடுப்பது?

கோட்டாறு_தம்பி:
என் பெரியப்பா நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் எடுத்தவர். குளச்சலிலிருந்து முட்டம் வரைக்கும் மீனவர் கடன் பற்றி அவர் செய்த பி.எச்.டி. ஆய்வேடு 1988இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போனது (நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் வந்தது 1990இல்தானே). அந்தக் காலத்துப் பிளாப்பிகள் ஒரு டப்பா நிறைய பரணில் கிடைத்தன. சில லேபிளில் வேர்ட்ஸ்டார் (அந்தக் காலத்தில் எழுத்து அடிக்கும் மென்பொருள்), சிலதில் டிபேஸ் (தரவை அட்டவணையாகச் சேமிக்கும் மென்பொருள்) என்று எழுதியிருக்கிறது. ஓட்டை வழியாகப் பார்த்தால் சிலதில் வெள்ளையாகப் பூசணம். ஒரு கடைக்காரர், "பழைய மெஷின் ஒண்ணு கிடக்கு, கொண்டாங்க, போட்டுப் பாத்துருவோம்" என்கிறார். கொடுக்கலாமா?

தக்கலை_ஹார்டுவேர்:
கொடுக்காதீங்க தம்பி. இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊர் இது, கடல் காற்று வேறு, பூசணம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பூசணம் பிடித்ததை அப்படியே டிரைவில் போட்டால் அதைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், மேலே பூசின காந்தப் பொடியைக் கீறிவிடும், அடுத்துப் போடுகிற நல்ல பிளாப்பியும் போச்சு. முதலில் நல்லதையும் கெட்டதையும் பிரித்து வையுங்கள். கெட்டதில் மேலுறையை ஓரமாக வெட்டி, உள்ளே இருக்கும் வட்டத்தை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் மெதுவாகத் துடைத்து, காயவைத்து, வேறு சுத்தமான உறைக்குள் நுழைக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

ஆன்லைனில் விற்கும் யூஎஸ்பி பிளாப்பி டிரைவை வாங்கிவிடாதீர்கள், அது மூன்றரை இஞ்சுக்கானது. பழைய அஞ்சேகால் டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்து, கிரீஸ்வீசில் என்ற சின்ன போர்டு வழியாக லேப்டாப்பில் இணைக்கலாம். அது ஃபைலைத் தேடாமல் காந்தத்தில் என்ன பதிந்திருக்கிறதோ அதை அப்படியே இமேஜாக, அதாவது முழு நகலாக, எடுக்கும். ஒருமுறை எடுத்துவிட்டால் அப்புறம் பிளாப்பியைத் தொடவே வேண்டாம்.

உங்களுடையது 360 கேபி ரகமாக இருக்கும், ஒரு பக்கத்துக்கு 40 டிராக் (தரவு பதியும் வட்டப் பாதை). 1.2 எம்பி டிரைவில் 80 டிராக், ஹெட் ஒடுக்கம். அதில் இதைப் படிக்கலாம், எழுதக் கூடாது. எழுதினால் பழைய 360 டிரைவ் அதைச் சரியாகப் படிக்காது. தவறியும் எழுதிவிடாதபடி ஓரத்து வெட்டில் டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஓய்வு_வாத்தியார்:
செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு ஏசி ரூமுக்குள் போய் டைப் அடித்த தலைமுறை நான், அதனால் சொல்கிறேன். ஆய்வேட்டின் எழுத்துக்காக இவ்வளவு பாடு வேண்டாம். பைண்டு பண்ணின பிரதி மதுரைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்க வேண்டும், ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்திலும் தேடிப் பாருங்கள். இன்னொன்று, அந்த வேர்ட்ஸ்டாரில் தமிழ் கிடையாது. தமிழ் மேற்கோளுக்கு இடம் விட்டு பிரிண்ட் எடுத்து, அப்புறம் தமிழ் டைப்ரைட்டரில் அடிப்போம், இல்லையென்றால் கையால் எழுதுவோம். ஆகவே பிளாப்பியில் இருப்பதைவிட அச்சுப் பிரதிதான் முழுமையானது. டிபேஸ் தரவு வேறு கதை, அது வேறெங்கும் இருக்காது.

கொல்லங்கோடு_கோடர்:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் விட்டுப்போன அத்தியாய வரைவுகள் பிளாப்பியில் மட்டும்தான் இருக்கும், அதையும் எடுத்து வையுங்கள். வேர்ட்ஸ்டார் ஃபைலை நோட்பேடில் திறந்தால் பல சொற்களில் கடைசி எழுத்து கோணல்மாணலாகத் தெரியும், ஃபைல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். வரியை ஒழுங்குபடுத்தும்போது சொல்லின் கடைசி எழுத்தில் எட்டாவது பிட்டை வேர்ட்ஸ்டார் ஏற்றிவைக்கும், அதாவது அந்த எழுத்தின் எண்ணோடு 128 கூடிவிடும். 128ஐத் தாண்டின பைட்டில் 128ஐக் கழித்தால் எழுத்து திரும்பிவிடும், பைத்தானில் நாலு வரி வேலை. ஆனால் கழிப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள்: தானாக மடங்கின வரி 141, 10 என்ற பைட்டுகளில் முடியும், நீங்களே என்டர் தட்டினது 13, 10. முதல் வகையை இடைவெளியாக மாற்றிவிட்டுக் கழித்தால் பத்தி பத்தியாகக் கிடைக்கும். மாற்றாமல் கழித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், எங்கே பத்தி முடிந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. புள்ளியில் தொடங்கும் வரிகள் பிரிண்டருக்கான கட்டளை, .pa மாதிரி, அழித்துவிடலாம்.

டிபேஸ் சுலபம். .dbf ஃபைலை லிப்ரே ஆபிஸ் கால்க் நேராகத் திறக்கும்.

கோட்டாறு_தம்பி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். கடைக்காரரிடம் கொடுக்கவில்லை. நல்ல நிலையில் இருந்த பிளாப்பிகள் மட்டும் முதலில் இமேஜ் ஆகிவிட்டன. டிபேஸ் ஃபைல் திறந்தது, பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் பேட்டிக் குறிப்பு இருக்க வேண்டிய நெடுவரிசை காலி.

கொல்லங்கோடு_கோடர்:
அது மெமோ (நீளமான குறிப்புக்கான) நெடுவரிசை மக்கா. குறிப்பு .dbt என்று தனி ஃபைலில் இருக்கும். அதே பெயரில், அதே ஃபோல்டரில் இரண்டையும் சேர்த்து வைத்துத் திறந்து பார்.

ஓய்வு_வாத்தியார்:
கிடைத்ததும் எங்கேயும் ஏற்றிவிடாதீர்கள். கடன் வாங்கினவர் பெயர், கொடுத்தவர் பெயர், வட்டி எல்லாம் அதில் இருக்கும், அவர்கள் பிள்ளைகள் இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். பெயர் நெடுவரிசையை எடுத்துவிட்டு எண் போட்ட ஒரு பிரதி தனியாகச் செய்யுங்கள், மெமோவுக்குள்ளும் பெயர்கள் இருக்கும், அதைப் பெரியப்பாவையே உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.