மறுமொழி: ஊர்ப் பால் சங்கத்துக்குக் குளிர்த்தொட்டி (டச்சுக்காரர் நினைவாக)

அன்பான ஊரவர்களுக்கு,

கனடாவில் எனக்கு வேலை தந்த டச்சுப் பண்ணைக்காரர் ஒருவரின் நினைவாக, எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்குப் பால் குளிர வைக்கும் தொட்டி வாங்கக் காசு கேட்டு இந்தக் குழுவில் எழுதியிருந்தேன். அதற்குச் சுவிஸ் மாமா நேற்றிரவு எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். "ஒல்லாந்தன்ர கோட்டைக்குக் கல் சுமந்தது எங்கட பாட்டன் பூட்டன். இப்ப அவன்ர ஆள் ஒருத்தன்ர பேரைப் பால் சங்கத்துச் சுவரில எழுதப் போறியளோ?" என்று கேட்டிருந்தார். மாமா, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தருக்காக (டச்சுக்காரருக்காக) நான் வாதாட வரவில்லை. ஊழியம் என்று சொல்லி எங்கள் சனத்திடம் சும்மா வேலை வாங்கியவர்கள்தான் அவர்கள். ஆனால் போன மாதம் 92 வயதில் காலமான இந்த மனிசனை உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் ஆரென்று சொல்லாமல் காசு கேட்டது என் பிழை. அதனால் இப்போது சொல்கிறேன்.

1988 தை மாதம். நான் கனடாவுக்கு வந்து நாலு மாதம். ரொறன்ரோவில் கோப்பை கழுவிய இடமும் பூட்டிவிட்டார்கள். வூட்ஸ்ரொக் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைக்கு ஆள் தேவையாம் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். இறங்கினால் பனி முழங்கால் மட்டும். அவர் என் பேரையும் கேட்கவில்லை, விசாவையும் கேட்கவில்லை. ஒரு மாட்டைக் காட்டிக் கறக்கச் சொன்னார். அங்கே மெசின்தான் கறக்கும், ஆனால் குழாய் போட முதல் ஒவ்வொரு காம்பிலும் நாலு தரம் கையால் பீய்ச்சிப் பார்க்க வேண்டும். நான் பெருவிரலை மடித்துப் பீய்ச்ச, குனிந்து பார்த்துக்கொண்டு நின்றவர், "நாளைக்குக் காலமை ஐந்து மணிக்கு" என்று மட்டும் சொன்னார்.

48 மாடுகள். கழுத்துச் சங்கிலியோடு வரிசையாகக் கட்டி நிற்கும். இரவு விளக்கை அணைக்க முதல் அவர் ஒவ்வொரு மாட்டிடமும் போய், கழுத்துக் கொளுக்கியைப் பெருவிரலால் ஒருதரம் திறந்து பூட்டிப் பார்ப்பார். கொஞ்சம் இறுகினாலும் அன்றைக்கே புதுக் கொளுக்கி. மாடு கட்டறுத்து ஓடிவிடும் என்று பயப்படுகிறார் என்றுதான் நான் இரண்டு வருடம் நினைத்திருந்தேன்.

மாமாவுக்காக இதையும் எழுத வேண்டும். பால் அறைக்குப் பக்கத்தில் சின்னக் கந்தோர் (அலுவலகம்) ஒன்று இருந்தது. ஒருநாள் பரிசோதகர் வந்து நிற்க, பால் குளிரூட்டிய பதிவுத் தாளைக் காணவில்லை. இவர் பதற்றத்தில் தன் பாசையில் "லாச்சி, லாச்சி" என்று முணுமுணுத்தார். நான் போய் மேசை லாச்சியை (இழுப்பறையை) இழுத்துத் தாளை எடுத்துக் கொடுத்தேன். பரிசோதகர் போன பிறகு, "உனக்கு ஆர் டச்சு சொல்லித் தந்தது?" என்று கேட்டார். அது எங்கள் வீட்டுச் சொல் என்றேன். நம்பவில்லை. டச்சிலிருந்து எங்களிடம் வந்த மற்றச் சொற்களையும் சொன்னேன். கந்தோர் என்றேன், போஞ்சி என்றேன். கக்கூஸ் என்றதும் அவருடைய மனுசி சிரித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டா. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கட ஆக்கள் உங்கட ஊருக்கும் வந்தவையோ? என்ன செய்தவை?" என்று கேட்டார். ஊழியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கன நேரம் பேசாமல் இருந்தார். மாமா, உங்கள் கேள்வியை 36 வருடத்துக்கு முதலே அந்த மனிசன் தன்னைக் கேட்டுவிட்டார்.

கொளுக்கிக் கதையை மூன்றாவது மாரியில்தான் சொன்னார். அன்று மாசி முதலாம் திகதி. அவர் ஹொலண்டின் தென்மேற்கில், சேலாந்தில் ஒரு தீவுப் பண்ணையில் பிறந்தவர். 1953 தை 31, சனிக்கிழமை இரவு, புயலும் கடல் பெருக்கும் ஒன்றாய் வர அணைகள் உடைந்தன. அந்த நாட்டில் மட்டும் 1836 பேர் செத்தார்கள். மாரி என்றபடியால் மாடுகள் கொட்டிலுக்குள் கட்டி நின்றன. இவருக்கு அப்போது 21 வயது. இருட்டுக்குள், பனித்தண்ணீருக்குள், விறைத்த கையால் 14 மாட்டில் ஆறை அவிழ்த்திருக்கிறார். ஏழாவது மாட்டின் சங்கிலி துருப்பிடித்திருந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வர, தகப்பன் சட்டையில் பிடித்து இழுத்துப் போய்க் கூரையில் ஏற்றினாராம். மிச்ச எட்டும் கத்தினதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம் என்றார்.

அடுத்த வருடம் கப்பல் ஏறி ஹலிஃபக்ஸில் இறங்கினார்கள். காசு அதிகம் கொண்டுபோகத் தங்கள் அரசாங்கம் விடாதாம். அதனால் இருந்ததற்கெல்லாம் சாமான் வாங்கிப் பெரிய மரப்பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்தவர்கள். அந்தப் பெட்டி நான் போன நேரமும் இருந்தது, கண்டுக்குட்டி கட்டுகிற இடமாக. ஆரோ ஒரு கனடாக்காரர் பொறுப்பெடுத்து வேலை கொடுத்தபடியால்தான் வர முடிந்தது என்று அடிக்கடி சொல்லுவார். நாங்கள் ஏழு தமிழ்ப் பொடியள் அவரிடம் மாறி மாறி வேலை செய்தோம். ஒருவருக்கும் ஒரு நாள் சம்பளம் பிந்தியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடு கறக்கிறதைத் தவிர வேறு வேலை தொட விடமாட்டார்.

1995 கார்த்திகையில் நான் ஸ்காபரோவிலிருந்து அவரைப் பார்க்கப் போனேன். இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமம் முழுக்க ஓரிரவில் எழும்பிப் போனதை ரேடியோவில் கேட்டிருந்தார். வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி: "மாடுகளை அவிழ்த்துவிட்டவையோ?"

என்னிடம் பதில் இல்லை. அம்மா இருக்கிறாவோ என்றே அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் வன்னியிலிருந்து அம்மாவின் கடிதம் வந்தது. அதில் எங்கள் வீட்டு மாட்டைப் பற்றி ஒரு வரி, "சிவப்பியை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தனாங்கள்." அதைச் சொல்லவென்றே இரண்டு மணித்தியாலம் கார் ஓடிப் போனேன். முதலில் தமிழில் வாசி என்றார். வாசித்தேன். பிறகு கருத்தைச் சொன்னேன். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குள் போய்விட்டார்.

செத்தவீட்டுக்குப் பூ வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தாராம். மகள் 2000 டொலர் காசோலையை என் கையில் தந்து, "உங்கட ஊர் மாட்டுக்கு" என்றா. ஆடியில் ஊருக்குப் போன மச்சான் கண்டதை எல்லாரும் வாசித்தீர்கள்தானே. பால் எடுக்கிற லொறி பத்தரைக்குப் பிந்தி வர, இரண்டு கான் பால் திரிந்து, வேலியடியில் ஊற்றியிருக்கிறார்கள். கறந்த கையோடு நாலு பாகைக்கு இறக்க ஒரு தொட்டி இருந்தால் அந்தப் பால் தப்பும். சுவரில் பேர் எழுத வேண்டாம் என்றால் எழுத வேண்டாம். தொட்டியைத் தாருங்கள்.

புளியடி வீட்டு இரண்டாவது

*

தம்பிக்கு,

கதை நல்லது, நானும் மனம் கலங்கினேன். ஆனால் 2016 வாசிகசாலைக் கூரைக் கணக்கில் 312 டொலருக்கு இன்னும் பற்றுச்சீட்டு வரவில்லை. அது வராமல் புதுச் சேர்ப்பு ஒன்றுக்கும் நான் கையெழுத்து வையேன். மகள் தந்த காசோலை உம்முடைய பேரிலா, சங்கத்தின் பேரிலா? தொட்டிக்கு இரண்டு விலைப்பட்டியலாவது வேண்டும். மின்சாரக் காசை மாதாமாதம் ஆர் கட்டுவது? கரன்ட் நின்றால் ஜெனரேற்றர் இருக்கிறதா? பால் சங்கத் தலைவர் கையெழுத்தோடு பதில் வரட்டும். வந்தால் என் பங்கு 500.

பொருளாளர்

*

தம்பி, நான் நோர்வேயிலயிருந்து அக்கா.

நான் இந்தக் குழுவில எழுதுறேல்லை. எழுதினா ஆரும் மறுமொழி போடுறதும் இல்லை. இண்டைக்கு எழுதாமல் இருக்கேலாது.

அம்மா எழுதின வரி சரி. ஆனா சிவப்பியை அவிழ்த்தது நான். அம்மா ஐயாவைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு படலையால வெளிக்கிட்டிட்டா. நான் திரும்பி ஓடிப் போனன். கயிறு மழையில ஊறி முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால கடிச்சு இழுத்தன். அது எனக்குப் பின்னால செம்மணி மட்டும் வந்தது. சனத்துக்குள்ள பிறகு காணேல்லை. ஏன் மினக்கெட்டனீ எண்டு அண்டைக்கு அம்மா எனக்கு அடிச்சவ. பிறகு உனக்கு "வந்தனாங்கள்" எண்டு எழுதினவ. நீ ஒரு நாளும் என்னை ஆர் அவிழ்த்ததெண்டு கேக்கேல்லை. அந்த மனிசன் கேட்டிருக்கு.

மேற்குத்தெருவில மூண்டு வீட்டு மாடு கட்டினபடியே நிண்டது. ஓடுற ஓட்டத்தில இரண்டை அவிழ்த்தன். மற்ற வீடு ஆரின்ரை எண்டு அவைக்குத் தெரியும், இங்க இருக்கினம், வாசிப்பினம்.

என்ர காசு வெள்ளிக்கிழமை வரும். பற்றுச்சீட்டில புளியடி வீடு எண்டு போட வேண்டாம். என்ர பேரைப் போடச் சொல்லு.