லூமினாசிட்டி மாஸ்க் போட்டபோது நடந்தது: உங்கள் அனுபவம் என்ன?

பென்னாகரத்தான்

ஒகேனக்கல் படம். உச்சி வெயில், இரண்டு பக்கமும் கரும்பாறை, நடுவில் பரிசல், பின்னால் வெள்ளை வெளேரென்று அருவி. எல்லோரிடமும் இப்படி ஒரு படம் இருக்கும், எல்லோரும் அதே இடத்தில்தான் மாட்டியிருப்பீர்கள். எடிட்டில் பாறையின் வெளிச்சத்தைத் தூக்கினால் அருவி சுண்ணாம்பாகிவிடும். அதற்குத்தான் லூமினாசிட்டி மாஸ்க்: படத்தின் வெளிச்ச அளவை வைத்தே வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கிற முறை.

பேட் டேவிட் எழுதிய பாடத்தைப் பார்த்து, கிம்ப் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் எல் (வெளிச்சம்), டி (இருட்டு), எம் (நடுத்தரம்) சேனல்கள் எல்லாம் செய்து முடித்தேன். எல்-லும் டி-யும் வெட்டிக்கொள்ளும் இடத்தை மட்டும் எடுக்கும் இன்டர்செக்ட் போட்டு நடுத்தர மாஸ்க். அதைச் செலக்‌ஷனாக மாற்றினால் திரையில் ஒன்றுமே இல்லை. எறும்பு ஓடுகிற மாதிரி ஒரு கோடு வருமே, அது வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், "எறும்பே ஓடலையே மாமா, சாஃப்ட்வேர் ஓசி ஆச்சே, அதான்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அப்படியே வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கர்வ்ஸைத் திறந்து நடுவில் ஒரு புள்ளி வைத்து மெதுவாக மேலே இழுத்தேன். அருவி அசையவில்லை. பாறையில் தண்ணீர் அரித்த வரி வரியான தடம் மட்டும் எழுந்து வந்தது. மச்சான் வாயை மூடிக்கொண்டு போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

எறும்பு ஏன் வரவில்லை என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படித்தானா?

தகடூர் வாசி

எறும்புக் கோடு பாதிக்கு மேல் தேர்வான இடத்தைச் சுற்றித்தான் ஓடும். எல்-லும் டி-யும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எந்தப் புள்ளியும் பாதியைத் தாண்டாது. அவ்வளவுதான் விஷயம். ஷிஃப்ட் கியூ அழுத்துங்கள், தேர்வாகாத இடமெல்லாம் சிவப்பாக மூடித் தெரியும்.

என் கதை சின்னது. டி மாஸ்க்கை (அதில் இருட்டெல்லாம் வெள்ளையாகத் தெரியும்) திரையில் பெரிதாக வைத்துக்கொண்டிருந்தபோது, தருமபுரியில் ஃபிலிம் காலத்திலிருந்து ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நெகட்டிவை ஏன்டா ஸ்கேன் பண்ணி வெச்சிருக்க?" என்றார். இல்லை ஐயா, இது மாஸ்க் என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பிரிண்ட் போடும் என்லார்ஜர் வெளிச்சத்துக்குக் கீழே கையை வைத்து ஆட்டுகிற மாதிரி காற்றில் விரல்களை அசைத்துக் காட்டினார். "நாங்க இதை இப்படிப் பண்ணோம்." அதற்கு மேல் பேசவில்லை, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஓசூர் ஒளி

என்னுடையது தங்கை கல்யாணம். முகூர்த்தப் பட்டு அரக்குச் சிவப்பு. படம் எடுத்த ஸ்டுடியோ அனுப்பிய ஆல்பத்தைப் புரட்டிய அம்மா மூன்றாவது பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். "நான் எடுத்துக் கொடுத்தது அரக்கு. இதென்ன ரோஸ் கலர்ல இருக்கு? வேற யார் கல்யாணம் இது?"

பெண்ணின் தலைமுடியில் விவரம் தெரியட்டும் என்று இருட்டான பகுதியைத் தூக்கியிருக்கிறார்கள், பட்டும் கூடவே ஏறிவிட்டது. மூலப் படங்களை வாங்கிக்கொண்டு நானே கிம்ப்பில் உட்கார்ந்தேன். மாஸ்க்குக்காகப் படத்தை வழக்கமான லூமா முறையில் நிறம் நீக்கினால் பச்சைக்குத்தான் பெரிய பங்கு, சுமார் 72 சதவீதம். சிவப்புக்கு 22, நீலத்துக்கு 6. ஆகவே அரக்குப் பட்டும் கருங்கூந்தலும் மாஸ்க்கில் ஏறக்குறைய ஒரே இருட்டாகத் தெரிகின்றன. மாஸ்க்குக்கு அது பட்டு, இது முடி என்று என்ன தெரியும்?

நிறம் நீக்கும் டீசாச்சுரேட்டில் ஐந்து வகை இருக்கிறதல்லவா, அதில் வேல்யூவைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று நிறத்தில் எது அதிகமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பட்டு நடுத்தரச் சாம்பலுக்கு ஏறியது, முடி கருப்பிலேயே நின்றது. அதற்கப்புறம் டி-யிலிருந்து எல்-லைக் கழித்துக் கருத்த பகுதிக்கு மட்டும் மாஸ்க் எடுத்தேன். முடி தனியாக மாட்டியது. அம்மா பார்த்துவிட்டு, "ம்" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

அணைக்கரை

எல்லோரும் ஏன் இத்தனை சுற்று சுற்றுகிறீர்கள் என்று புரியவில்லை. டார்க்டேபிள் என்ற இன்னொரு மென்பொருளில் பாராமெட்ரிக் மாஸ்க் இருக்கிறது. ஒரு ஸ்லைடரை இழுத்தால் எந்த ஒளி அளவிலிருந்து எந்த அளவு வரை என்று முடிந்தது, இதே வேலை. சேனல் செய்து, கழித்து, வெட்டி, பெயர் வைத்து... இந்தக் காலத்தில் யார் இதைச் செய்வார்கள்?

என் அனுபவம்: கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் சூரிய உதயம், போனில் எடுத்த ஜேபெக். வெளிச்சமான பகுதிக்கு மாஸ்க் போட்டு வானத்தை இறக்கினேன், வானம் படிக்கட்டுப் படிக்கட்டாக உடைந்தது. அவ்வளவுதான்.

அதனால் புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஜேபெக் வேண்டாம், ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த மூலத் தரவு) எடுங்கள். முதலில் டார்க்டேபிளிலோ ராதெரபியிலோ திறந்து 16 பிட் டிஃப்பாக வெளியே எடுங்கள். கிம்ப் 2.8-இல் 8 பிட்தான், நிறப் படிகள் குறைவு. 2018-இல் வந்த 2.10-இலிருந்துதான் 16, 32 பிட் வேலை செய்யும். இன்னும் பழையதையே ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து மாற்றுங்கள், 2025-இல் 3.0-வே வந்துவிட்டது. மாஸ்க்கை மங்கலாக்காதீர்கள். லூமினாசிட்டி மாஸ்க்குக்கு ஓரம் தானாகவே இழைந்து போகும், அதில் காஸியன் பிளர் போட்டால் மலை விளிம்பில் வெள்ளைக் கோடு நிற்கும். லேயரின் ஓபாசிட்டியை (அடர்த்தியை) நூறில் விடாதீர்கள். அப்புறம் மானிட்டர் வெளிச்சத்தை முழுக்க வைத்துக்கொண்டு எடிட் செய்து, பிரிண்ட் கருப்பாக வந்தது என்று ஸ்டுடியோக்காரனிடம் சண்டை போடாதீர்கள்.

ஓசூர் ஒளி

யாரும் கேட்கவில்லையே சார். டார்க்டேபிள் ஸ்லைடரில் சிவப்புச் சேனலையும் தனியாக இழுக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேனலைக் கையால் செய்தால்தான் எது எங்கே விழுகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. நீங்கள் ஸ்லைடர் இழுத்த வானம்தானே படிக்கட்டானது?

அணைக்கரை

அது கிம்ப்பில் செய்தது. அதற்கப்புறம்தான் டார்க்டேபிளுக்கு மாறினேன்.

அரூர்க்காரி

நீங்கள் சண்டை போடுங்கள், நான் என்னுடையதைச் சொல்கிறேன். அரூர்ப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் நடுகல். வில்லோடு ஒரு வீரன், மேலே வட்டெழுத்தில் சில வரிகள். நாங்கள் போனது மதியம், வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது, எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எம் மாஸ்க் போட்டு, நடுத்தரச் சாம்பலில் மட்டும் கான்ட்ராஸ்ட்டை ஏற்றினேன். வெட்டுக் கோடுகள் கொஞ்சம் எழுந்தன. கூடவே கல்லில் படர்ந்த பாசிப் படையும் அதே அளவு எழுந்தது. ஓசூர் ஒளி சொன்ன பட்டு-முடி கதைதான். எது உளிக் கோடு, எது பாசி என்று பிரிக்கவே முடியவில்லை. 'கோ' மாதிரி ஒன்று தெரிகிறது, பெரிதாக்கினால் அது பாசி.

மறுபடி போனபோது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தாவிடம் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கும்மா? வெயில் சாயட்டும், கல்லே காட்டும்" என்றார். ஐந்து மணிக்கு மேல் வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் உளி இறங்கிய பள்ளமெல்லாம் நிழலானது, வரி வரியாக எண்ண முடிந்தது. அந்தப் படத்துக்கு மாஸ்க்கே தேவைப்படவில்லை. இத்தனை நாள் சேனல் கழித்ததை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அணைக்கரை

சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம். இருட்டிய பிறகு ட்ரைபாடில் கேமராவை நிறுத்திவிட்டு, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கத்தில் பிடித்து, நாலு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். பிறகு லேயர்களாக அடுக்கி லைட்டன் ஒன்லி (வெளிச்சமான புள்ளியை மட்டும் காட்டும் முறை) வைத்தால்...

அரூர்க்காரி

அந்தப் புளியமரத்தடியில் பாம்பு உண்டு. டார்ச்சை நீங்கள் வந்து பிடியுங்கள், நான் ரோட்டில் நிற்கிறேன்.