ஐரோப்பாவில ஆமிக்காரர் முதல் மெப் கீறினது எப்பிடி?

வெள்ளவத்தை_பொடியன்:
தங்கச்சி ஏ/எல் ஜியோகிரபி செய்யிறா, அவவுக்காக நாரஹேன்பிட்ட நில அளவைத் திணைக்களத்தில ஒரு இடவிளக்கப் படம் வாங்கியந்தன். சமவுயரக் கோடு (ஒரே உயரத்தில இருக்கிற இடங்களை இணைக்கிற கோடு), ஓடை, பன்சலை, கோயில் எண்டு அவ்வளவு வடிவா இருக்கு. ஐரோப்பாவில இந்த வேலையைப் பெரிசாச் செய்தது ஆமிக்காரர்தானாம். பிளேன் இல்லாத 1700கள்ல ஒரு நாட்டையே எப்பிடி அளந்தவங்க? ஆமி ஏன் அதுக்கு இவ்வளவு மினக்கெட்டது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

செயின்_இழுத்தவன்:
தம்பி, ஸ்கொட்லாந்தைப் பார்த்தா விளங்கும். அங்க பிரிட்டிஷ் அரசனுக்கு எதிரா எழும்பின கிளர்ச்சியை 1746ல கலோடன் சண்டையோட அடக்கியாச்சு, ஆனா அந்த மலைநாட்டுக்குள்ள படையைக் கொண்டு போக உருப்படியான மெப் ஒண்டும் பிரிட்டிஷ் ஆமிட்ட இல்ல. அதால 1747ல டேவிட் வாட்சன் எண்ட அதிகாரிக்குக் கீழ வில்லியம் ரோய் வேலையைத் தொடங்கினார், இருபது வயசு மட்டில இருக்கும் அப்ப, வேலை 1755 வரைக்கும் இழுத்தது. ஒரு கோஷ்டியில ஒருத்தன் கோணம் அளக்கிற கருவியைத் தூக்குவான், ரெண்டு பேர் நீளம் அளக்கிற செயினை இழுப்பாங்க, ரெண்டு பேர் முன்னுக்கும் பின்னுக்கும் குறி காட்டிக்கொண்டு நிப்பாங்க. செயின் போட்டு அளந்தது முக்கியமா ரோட்டையும் ஆத்தையும்தான், நடுவில கிடக்கிற மலையெல்லாம் கண்பார்வையில கீறி பிரஷால சாயம் தடவினது. அதைப் பிழையெண்டு நான் சொல்லமாட்டன், பீரங்கியை இழுத்துக்கொண்டு படை போகப்போறது ரோட்டாலதானே. ரோயே பிறகு, இது துல்லியமான மெப் எண்டதை விட பிரமாதமான ராணுவ ஸ்கெட்ச் எண்டுதான் எழுதினார். 1784ல லண்டனுக்குப் பக்கத்தில ஹவுன்ஸ்லோ ஹீத்ல கண்ணாடிக் குழாய் வச்சு 27,404 அடி நீள அடிக்கோட்டை (மற்ற அளவெல்லாத்துக்கும் அடிப்படையா நிலத்தில நேரா அளக்கிற கோடு) அளந்ததும் அதே மனுசன்தான், பெரிய ஆள்.

மெப்_பிரியை:
ஒஸ்ரியாவையும் சேருங்கோ அண்ணா. ஏழாண்டுப் போர் 1763ல முடிய, பிரஷ்யாட்ட பறிகொடுத்த சைலீசியா மாகாணம் போனது போனதுதான், அந்தச் சூட்டோட ஒஸ்ரியாவை ஆண்ட மரியா தெரேசா முழு ராச்சியத்தையும் கீறச் சொல்லிட்டா. 1:28,800 ஸ்கேல், முழுக்கக் கையால, முடியேக்க 1787. எனக்குப் பிடிச்சது மெப்போட வச்சிருந்த எழுத்துக் குறிப்புத்தான்: எந்த ஆறு எவ்வளவு ஆழம், எந்த ரோடு வண்டி தாங்கும், ஊரில கல்லால கட்டின உறுதியான கட்டடம் எது, காட்டுக்குள்ளால போக ஏலுமா எண்டெல்லாம். ஆனா நாடு முழுக்க ஒரே முக்கோண அளவை (இடங்களை முக்கோணங்களா இணைச்சு, கோணத்தை வச்சுத் தூரம் கணிக்கிற முறை) இல்லாததால பக்கத்து ஷீட்டுகளை ஒட்டினா சரியாப் பொருந்தாது. எதிரி கையில போயிடும் எண்ட பயத்தில அச்சடிக்கவும் இல்ல.

வெள்ளவத்தை_பொடியன்:
நன்றி அக்கா, அண்ணா. அப்ப மலை எவ்வளவு உயரம் எண்டது அவங்களுக்குத் தேவைப்படேல்லையா?

செயின்_இழுத்தவன்:
உயரத்தை விட சரிவுதான் அவசரம் தம்பி, குதிரை ஏறுமா ஏறாதா எண்டதுதான் கேள்வி. 1799ல லேமன் எண்ட ஜேர்மன் (சாக்ஸனி) ஆமி அதிகாரி அதுக்கு ஒரு கணக்கே வச்சார், மலைச் சரிவு இறங்கிற பக்கமாக் கீறுற குட்டிக் கோடுகள் சரிவு கூடக் கூடத் தடிப்பாகும், 45 பாகை வந்தா முழுக் கறுப்பு. சமவுயரக் கோடு ஆமி மெப்புகள்ல பரவலானது அதுக்குப் பிறகுதான். ரோயின்ட மெப் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின்ட சைட்ல இலவசமா இருக்கு, தங்கச்சிக்குக் காட்டுங்கோ, நல்லாப் பெரிசாக்கிப் பார்க்கலாம்.