மர லேத்தில் வேகம் தானாக ஏறி இறங்குகிறது: போர்டா, மோட்டாரா?

உளிமுனை
வணக்கம். என்னிடம் இருப்பது குமிழைத் திருப்பி வேகம் மாற்றும் மர லேத். 230 வோல்ட் இணைப்பு, மோட்டார் 180 வோல்ட் டிசி, ஒன்றரை ஹெச்பி. கொஞ்ச நாளாகக் குமிழ் பாதியில் இருக்கும்போது வேகம் துடிக்கிறது, முழுக்கத் திருப்பினால் ஒழுங்காக ஓடுகிறது. இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: சில நேரம் ஸ்விட்ச் போட்டால் அசைவதே இல்லை, அணைத்துவிட்டு ஸ்பிண்டிலை (மரத்தைச் சுற்றும் தண்டு) கையால் லேசாக நகர்த்திப் போட்டால் கிளம்பிவிடும். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. விற்றவர்கள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் போர்டை மாற்றுங்கள் என்கிறார்கள், ஆனால் அதே போர்டு இப்போது வருவதில்லையாம். வேறு போர்டு வாங்குவதா, மோட்டாரோடு சேர்த்து விஎஃப்டிக்கு (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி ஏசி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மாறிவிடுவதா?

மரத்தூள்
நண்பரே, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. கையால் நகர்த்தினால் கிளம்புகிறது என்றால் மோட்டாருக்குள் மின்சாரம் கொண்டுபோகும் கரித்துண்டான கார்பன் பிரஷ், சுழலும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சரியாகத் தொடவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பிரஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள்: தேய்ந்து குட்டையாகியிருக்கலாம், அல்லது நீளம் இருந்தும் மரத்தூளும் கரித்தூளும் அடைத்துக் கூட்டுக்குள் சிக்கி நிற்கலாம், அப்போது ஸ்பிரிங் தள்ளினாலும் அது இறங்காது. கம்யூட்டேட்டர் கருத்திருந்தால் மெல்லிய மணல்தாளால் துடையுங்கள், எமரித் துணி வேண்டாம், அதன் துகள் உள்ளே தங்கினால் தொல்லை.

அப்புறம் மோட்டாரைப் போர்டிலிருந்து முழுக்கப் பிரித்து, பெல்ட்டையும் கழற்றிவிட்டு, 12 வோல்ட் கார் பேட்டரியில் நேராகக் கொடுங்கள். நல்ல மோட்டார் மெதுவாக, விட்டுவிட்டு இல்லாமல் சுற்றும். அதோடு மோட்டார் வயருக்கும் உடலுக்கும் இடையே மின்கசிவு இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே படிந்த கரித்தூள் வழியாகக் கசிவு இருந்தால் நாளைக்கு நீங்கள் போடும் புதுப் போர்டும் எரிந்துபோகும். பழைய போர்டு ஏன் போனது என்று பார்க்காமல் புதிதை மாட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

கடைசல்பட்டறை
மேலே சொன்னது சரி. பாதியில் துடிப்பதற்குக் குமிழின் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரை (திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) பாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில் வைத்துக் கடைபவர்களுக்கு அந்த இடத்தில்தான் உள்ளே இருக்கும் தடம் தேயும். பிளக்கைப் பிடுங்கி, வயரைக் கழற்றி, நடு முனைக்கும் ஓர முனைக்கும் இடையே ஓம் அளவு வைத்து மெதுவாகத் திருப்புங்கள். அளவு சீராக ஏற வேண்டும், குதித்தால் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் 5 கிலோ ஓம் அல்லது 10 கிலோ ஓம் இருக்கும், திருப்பும் அளவுக்கு ஏற்ப மின்தடை சீராக மாறும் லீனியர் வகைதான் வாங்க வேண்டும்.

முக்கியமான ஒன்று. இந்த மாதிரிப் பல போர்டுகளில் குமிழின் வயர்கூட மெயின் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில்தான் இருக்கும். சின்ன வயர்தானே என்று ஓடும்போது தொட்டுவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பத்து நிமிடமாவது விட்டு, மல்டிமீட்டரால் அளந்துவிட்டுக் கை வையுங்கள்.

போர்டைச் சோதிக்க, மோட்டாருக்குப் பதிலாக 230 வோல்ட் 100 வாட் பழைய இழை பல்பு ஒன்றை மாட்டுங்கள், எல்இடி கூடாது. குமிழைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் சீராகக் கூடிக் குறைந்தால் போர்டின் அடிப்படை வேலை சரி. குமிழ் பூஜ்யத்தில் இருந்தும் முழுசாக எரிந்தால் உள்ளே மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் பாகமான தைரிஸ்டரோ மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது குமிழின் ஒரு வயர் அறுந்திருக்கலாம்.

உளிமுனை
இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு பிரஷ் கூட்டுக்குள் சிக்கித்தான் இருந்தது. இரண்டையும் மாற்றிய பிறகு பேட்டரியில் மோட்டார் அழகாகச் சுற்றுகிறது, உடலுக்குக் கசிவும் இல்லை. பொட்டென்ஷியோமீட்டர் நடுவில் குதித்தது, அதையும் மாற்றியாகிவிட்டது. ஆனால் பல்பு இன்னும் மினுக்குகிறது, உலர்ந்த மரக்குச்சியால் போர்டைத் தட்டினால் அணைந்து எரிகிறது. பெரிய ரெசிஸ்டர் பக்கம் போர்டே பழுப்பாகிவிட்டது, செம்புத் தடம் ஓரிடத்தில் உரிந்தும் இருக்கிறது. ஆகப் போர்டும் போய்விட்டது. இனி எது வாங்கலாம்?

சுழல்மரம்
மோட்டார் நன்றாக இருக்கும்போது விஎஃப்டி பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. விஎஃப்டி டிசி மோட்டாரை ஓட்டாது, மூன்று ஃபேஸ் மோட்டார் வேண்டும், அதை டெல்டாவில் (மூன்று சுருளையும் முக்கோணமாக இணைக்கும் முறை) 230 வோல்ட்டுக்கு இணைக்க முடிய வேண்டும், புல்லியும் பொருந்த வேண்டும். பெரிய கிண்ணம் சுற்றும்போது சீக்கிரம் நிறுத்தப் பார்த்தால் ஓவர்வோல்டேஜ் காட்டி டிரிப் ஆகும், பிரேக் ரெசிஸ்டர் போட்டு வேகமாக நிறுத்தினால் மரத்தைப் பிடித்திருக்கும் சக் மரையிலிருந்து கழன்று வரும் ஆபத்து உண்டு. கிண்ணமாகவே கடைபவருக்கு அந்த மாற்றம் பிரமாதமாக இருக்கும், மறுக்கவில்லை, ஆனால் அது தனி வேலை.

உங்களுக்கு வேண்டியது 230 வோல்ட் உள்ளே, 180 வோல்ட் டிசி வெளியே தரும் டிரைவ், அதாவது வேகக் கட்டுப்பாட்டுப் போர்டு. ஆம்பியர் மோட்டார் தகட்டில் இருப்பதற்குக் குறையாமல் இருக்கட்டும். கிடைத்தால் பிடபிள்யூஎம் வகை (மின்சாரத்தை மிக வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தை மாற்றுவது) வாங்குங்கள், தைரிஸ்டர் வகையைவிட மோட்டார் குறைவாகச் சூடாகும். மாட்டிய பிறகு முதலில் கரண்ட் லிமிட்டை (மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தின் உச்ச வரம்பு) மோட்டாருக்கு ஏற்ற மாதிரி வையுங்கள். அப்புறம் ஐஆர் காம்ப் என்ற சின்னத் திருகு: உளி வைத்ததும் வேகம் விழாமல் பிடிப்பது அதுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், மோட்டார் ஊசலாட ஆரம்பித்ததும் சற்றுக் குறைத்து விட்டுவிடுங்கள். போர்டைத் தூள் புகாத உலோகப் பெட்டியில் வைத்து, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கை அந்தப் பெட்டியின் சுவரோடு ஒட்டி, பெட்டியை எர்த் செய்யுங்கள்.

பழைய லேத்தில் மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடாத ஸ்விட்ச் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். சில டிரைவ்கள் குமிழ் ஏறியிருந்தால் மின்சாரம் வந்ததும் அப்படியே கிளம்பிவிடும்.