புதுப்பிப்பு: இன்டிசைனில் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) நீண்ட அட்டவணையை 3 பத்தியில் (கொலம்) ஓட்டுவது (தீர்ந்தது)

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேட்டது இதுதான்: மட்டக்களப்புக் கோயில் மலரின் உபயகாரர் பட்டியல், 412 வரிசை, ஏ4 தாளில் 3 பத்தியாக ஓட வேண்டும். தலைப்பு வரிசை முதல் பத்தியில் மட்டும்தான் வந்தது.

சரிவந்தது கல்முனை அண்ணா சொன்ன வழி. அட்டவணையை மூன்றாக வெட்டவில்லை. ஒரே டெக்ஸ்ட் ஃப்ரேம் (எழுத்துப் பெட்டி), கன்ட்ரோல்+பி அழுத்தி அதன் அமைப்பில் பத்தி 3, இடைவெளி 6 மிமீ. இருபக்க ஓரமும் 15 மிமீ என்றால் ஒரு பத்தி 56 மிமீ. அட்டவணை தானாகச் சுருங்காது, ஆகவே கல அகலத்தை இலக்கம் 9, பெயர் 31, தொகை 16 மிமீ என்று கையால் கொடுக்க வேண்டும். பிறகு முதல் வரிசையில் கேர்சரை வைத்து டேபிள் > கன்வர்ட் ரோஸ் > டு ஹெடர். டேபிள் ஒப்ஷன்ஸின் ஹெடர்ஸ் அன்ட் ஃபுட்டர்ஸில் 'எவ்ரி டெக்ஸ்ட் கொலம்' கொடுத்தால் தலைப்பு வரிசை ஒவ்வொரு பத்தியிலும் வரும். அவ்வளவுதான்.

எதிர்பாராதது இரண்டு. சில கலங்களில் சிவப்புப் புள்ளி, அதாவது எழுத்து கலத்தில் கொள்ளவில்லை: '… குடும்பத்தினர், களுவாஞ்சிக்குடி' இரண்டாம் வரிக்கு இறங்கியது, வரிசை உயரமோ 'எக்ஸாக்ட்லி' (மாறாத உயரம்). 'அட் லீஸ்ட்' (குறைந்தபட்சம்) 5 மிமீ ஆக்கியதும் ஊர்ப்பெயர் வெளியே வந்தது. அப்படி உயர்ந்த வரிசை பத்தி அடியில் பாதியாகப் பிரியாது, முழுசாக அடுத்த பத்திக்குத் தாவும். அதனால் பத்தி அடிகள் சமமாக நிற்கா.

மற்றது, 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தது. அது அட்டவணையின் பிழை அல்ல. பராகிராஃப் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷனில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் போடுங்கள்.