ஆல்ப் டுவெஸ் ஏறப் போறேன், எந்த கியர் எடுக்கலாம்?

கேள்வி: ஜூன்ல பிரான்ஸ் போறேங்க, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ்ல வர்ற ஆல்ப் டுவெஸ் மலைப்பாதைல சைக்கிள்ல ஏறணும்னு ரொம்ப வருஷ ஆசை. கொல்லிமலை ஏறியிருக்கேன், ஆனா இது 13.8 கிலோமீட்டர், சராசரி ஏத்தமே 8 சதவீதத்துக்கு மேல. சைக்கிள் அங்கேயே வாடகைக்கு எடுத்தா போதுமா?

பதில் 1: வாடகையே போதும் ப்ரோ, ஏத்தத்துக்கு லேசான கியரா, முன்னாடி பல்சக்கரத்துல 34 பல்லு, பின்னாடி பெரிய பல்சக்கரத்துல 32 இருக்கான்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்கங்க. கீழ ஊர்ல சமதளமா போயிட்டு திடீர்னு ஏத்தம் ஆரம்பிக்கும், முதல் ரெண்டு கிலோமீட்டர்தான் ரொம்ப செங்குத்து, 10 சதவீதம் தாண்டும், அங்க ஆர்வத்துல மிதிச்சா மிச்ச வழி பூரா கஷ்டம்தான். வளைவு நம்பர் 21ல ஆரம்பிச்சு குறைஞ்சுக்கிட்டே வரும், ஒவ்வொண்ணுலயும் டூர்ல இங்க ஜெயிச்சவங்க பேர் பலகை இருக்கும். 1952ல இங்க முதல்ல ஜெயிச்ச இத்தாலி வீரர் ஃபாஸ்டோ கோப்பி பேரை 21வது வளைவுல பாக்கறப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு.

பதில் 2: விண்ட் ஜாக்கெட் மறக்காதீங்க. மேல 1,850 மீட்டர் உயரம், வேர்வையோட இறங்கினா கை விறைச்சு பிரேக் பிடிக்கவே வராது. காலைல சீக்கிரம் கிளம்புங்க, ரோட்டுல கார் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, 34-32 இப்பவே மெயில்ல கேட்டுடறேன்.