போர்டு மாத்தறப்போ பின்னாடி இருக்கற சுவரைப் பாத்தீங்களா? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பாத்திரக்கடை, கும்பகோணம்:

எல்லாருக்கும் வணக்கம். கடை போர்டு மாத்தப் போறவங்க இதைப் படிச்சுட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க, நாங்க பட்டது இன்னொருத்தர் படக்கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

எங்களுது பித்தளைப் பாத்திரக் கடை. தாத்தா காலத்துக் கட்டடம், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான், அந்தக் காலத்துல சிமெண்டே போடல. 2016 பிப்ரவரியில மகாமகம் வருது, வெளியூர் ஜனம் குமியும்னு தெருவே முகப்பை மாத்திக்கிட்டு இருந்துச்சு, அப்பாவும் மாத்துனார். வேலை நடந்தது 2015 நவம்பர்ல. அந்த வருஷ மழை யாருக்கும் மறந்திருக்காது, சென்னை மூழ்குன வருஷம், இங்கயும் மழைதான், சுவரு ஊறிக் கெடக்கு, அதும் மேலயே ஸ்கொயர் ட்யூப் ஃப்ரேம் அடிச்சு ஏ.சி.பி. ஷீட்டை (நடுவுல பிளாஸ்டிக் வெச்ச அலுமினியப் பலகை) போட்டு இந்தக் கோடியிலேந்து அந்தக் கோடி வரைக்கும் மூடிட்டாங்க. ஈரம் வெளிய வர வழியே இல்ல. பளபளன்னு இருந்துச்சு, அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம், நானும் ஃபோட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புனேன்.

போன தை மாசம் அந்த ஷீட்டைக் கழட்டுனோம். கலர் வெளுத்துப் போச்சு, எழுத்துக்குள்ள எல்.இ.டி. பாதி எரியல, சரி புதுசா வெக்கலாம்னு. போர்டு போடறவர் காலையில கழட்டி மறுநாள் சாயங்காலம் புதுசு மாட்டித் தர்றேன்னு பேசுனார். முதல் ஷீட்டு இறங்குனதும் புறா எச்சமும் குப்பையும் ரெண்டு மூட்டை விழுந்துச்சு. மேல விளிம்புல அடிச்ச சிலிக்கான் எப்பவோ பிளந்திருக்கு, மழைத்தண்ணி அது வழியா உள்ள எறங்கி எறங்கி பூச்சு பூராவும் பொரிஞ்சு உப்பு பூத்து நிக்குது, கைப்பிடிச் சுவர் இடுக்குல ஒரு ஆலங்கன்னு வேர்விட்டு முழங்கை கனத்துக்கு இருக்கு.

ரெண்டாவது ஷீட்டு இறங்கறப்ப அம்மா கீழேந்து "டேய் நிறுத்து நிறுத்து"ன்னு கத்துனாங்க. சுதையில, அதாவது சுண்ணாம்புச் சாந்துல செஞ்ச புடைப்பு வேலையில, தாத்தா பேரு. பேருக்கு ரெண்டு பக்கமும் கொடி, ரெண்டு மயிலு, நடுவுல 1938னு வருஷம். நான் சின்ன வயசுல பாத்ததுதான், ஆனா அதும் மேல அப்பவே தகர போர்டு ஒண்ணு பாதி மறைச்சு இருக்கும், அது அங்க இருக்குன்னே மனசுல இல்ல. எண்ணிப் பாத்தேன், பதினாலு ஆங்கர் போல்ட் ஓட்டை. அதுல ஒண்ணு மயிலோட கழுத்துல. டிரில் போட்டவர் அதைப் பாத்துக்கிட்டேதான் போட்டிருக்கணும், அதை நெனச்சா இன்னைக்கும் எனக்கு ஆறல.

போர்டுக்காரர் "யாரு சார் இதெல்லாம் பாக்கப் போறா, அதே ஃப்ரேம்லயே அடிச்சு மூடிடலாம்"னார். அம்மா முடியாதுன்னுட்டாங்க.

அதுக்கப்புறம் நாங்களும் ஒரு தப்பு பண்ணோம். பழக்கமான பெயிண்டர் வந்து பொரிஞ்ச எடத்தையெல்லாம் சொரண்டிட்டு சிமெண்ட் பூசி, பட்டி பாத்து, எக்ஸ்டீரியர் எமல்ஷன் அடிச்சுடலாம்னார், வலது பக்கம் ஒரு அஞ்சடிக்கு அடிச்சும் விட்டார். மூணு வாரம் தாங்கல, அப்பளம் மாதிரி தூக்கிக்கிட்டு வந்துருச்சு. சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடற சுவரு. உள்ள இருக்கற ஈரம் பூச்சு வழியாத்தான் வெளிய வரணும், அதும் மேல சிமெண்டையும் பிளாஸ்டிக் பெயிண்டையும் அப்புனா ஈரம் உள்ளயே நின்னு உப்பைத் தள்ளி பூச்சையே உடைச்சுட்டு வெளிய வரும். இதை எனக்குச் சொன்னவரு கோபுர திருப்பணிக்கு சுதை வேலை பாக்கற பெரியவரு ஒருத்தர். எங்க ஊர்ல கோயிலுக்குப் பஞ்சமில்ல, அந்த வேலைக்காரங்க இன்னும் இருக்காங்க, கடைக்கும் வருவாங்கன்னு மட்டும் நமக்குத் தோணமாட்டேங்குது.

அவரு வந்து முதல்ல எதையும் பூசல. சிமெண்டைப் பூராவும் உளியால மெதுவா எடுக்கச் சொன்னார், ஆலங்கன்னு வேரைச் செங்கல் பிரிச்சு அடி வரைக்கும் எடுத்தார் (மேல வெட்டிவிட்டா திரும்பத் துளுக்கும்), அப்புறம் ஒரு மாசம் சுவரை அப்படியே காத்தாட விடுங்கன்னுட்டார். ஒரு மாசம் கடை முகம் புண்ணு மாதிரி நின்னுச்சு, கஸ்டமர்லாம் கடையை மூடறீங்களான்னு கேட்டாங்க. மாசி கடைசியில வேலை ஆரம்பிச்சார். நீர்த்து ஊறப்போட்ட சுண்ணாம்பு, சலிச்ச ஆத்து மணல், கடுக்காத் தண்ணி, வெல்லத் தண்ணி. ஒரே தடவையா கனமா அப்பாம மெல்லிசா மூணு தரம், ஒவ்வொரு தரத்துக்கும் நடுவுல ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டு, வெயில் நேரா படாம. மயிலு கழுத்தை மட்டும் ஒரு நாள் பூராவும் உக்காந்து செஞ்சார். மேல வெள்ளைச் சுண்ணாம்பும் காவியும்தான், பெயிண்டே கிடையாது.

புது போர்டு இப்போ சுதைக்குக் கீழ, சன்ஷேடு விளிம்புல தனி ஃப்ரேம்ல நிக்குது. பித்தளைத் தகட்டுல வெட்டுன எழுத்து, எங்க பட்டறை ஆளுங்களே வெட்டுனது. மேலேந்து ரெண்டு விளக்கு. சுவத்துல புதுசா ஒரு ஓட்டை கூட போடல. ஏ.சி.பி.க்கு வாங்குன கொட்டேஷனைவிட மொத்தமா கொஞ்சம் கூடத்தான் ஆச்சு, அதோட ரெண்டு மாசம் கிட்டப் போச்சு, அதையும் மறைக்காம சொல்லணும்ல.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க.

மெடிக்கல் ஷாப், நாகப்பட்டினம்:

தம்பி, படிச்சுட்டு கண்ணு கலங்கிருச்சு. எங்க கதை வேற, எங்களுது கான்கிரீட் கட்டடம். 2018 நவம்பர் 16 கஜா புயல் ராத்திரி எங்க போர்டு மட்டும் பறக்கல, சன்ஷேடு விளிம்பையும் பேத்துக்கிட்டுப் போச்சு. காலையில போய்ப் பாத்தா உள்ள கம்பி துருப்பிடிச்சு ஏடு ஏடா உரியுது. கடல்காத்துல உப்பு, போல்ட் போட்ட ஓட்டை வழியா தண்ணி, கம்பி துருவேறுனா ஊதும், ஊதுனா மேல இருக்கற கான்கிரீட்டைத் தள்ளும். காத்து சும்மா கடைசியா ஒரு இழு இழுத்துச்சு, அவ்ளோதான். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா அந்த எடத்துல பழுப்புக் கறை வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, நாங்க ஒவ்வொரு பொங்கலுக்கும் அதும் மேல வெள்ளையடிச்சோம். அந்தச் சன்ஷேடுக்குக் கீழதான் மருந்து வாங்கறவங்க வரிசையில நிப்பாங்க.

சரி பண்ண வந்த இன்ஜினியர் தளர்ந்ததைப் பூராவும் கொத்திட்டு கம்பிக்குப் பின்னாடி விரல் போற அளவுக்கு எடுக்கச் சொன்னாரு. முன்பக்கம் மட்டும் சொரண்டிப் பூசுனா பின்பக்கத் துரு திரும்பத் தள்ளுமாம். கம்பியை பிரஷ் போட்டுத் தேச்சு ஜிங்க் ப்ரைமர் அடிச்சு, பாலிமர் கலந்த சாந்து வெச்சு, ஏழு நாள் தண்ணி காட்டுனோம். புது போர்டுக்கு இரும்பு போல்ட்டே வேண்டாம்னு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் போட்டோம். விலை கூடத்தான், ஆனா கடற்கரை ஊர்க்காரங்க அதுல மிச்சம் பிடிக்காதீங்கப்பா.

சைன்போர்டு வேலை, மதுரை:

ண்ணே வணக்கம். நான் அந்தப் பக்கத்து ஆளு, போர்டு மாட்டுறவன். ப்ரஷ்ஷு பிடிச்சு எனாமல்ல எழுத ஆரம்பிச்சவன், அப்புறம் ஃப்ளெக்ஸு வந்துச்சு, இப்ப ஏ.சி.பி.யும் எல்.இ.டி. எழுத்தும். மயில் கழுத்துல ஓட்டை போட்டது தப்புதான், எங்காளுக சார்பா நானே ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லணும், எங்களுக்கு சதுரடிக்கு ரேட்டு பேசுறாய்ங்க, சுவத்துக்குன்னு யாரும் ஒத்த ரூவா பேசுறதில்ல. தீவாளிக்கு ரெண்டு வாரம் இருக்கப்ப வந்து ரெண்டே நாள்ல முடிண்ணே அப்டிம்பாய்ங்க. தீவாளி எப்ப வருது, ஐப்பசியில, அடைமழையில. ஈரச் சுவத்துலதான் ஊரு பூராம் போர்டு ஏறுது.

பழைய ஓட்டைய பேப்பரைச் சுருட்டித் திணிச்சு மேல பட்டிய இழுத்து விடுறதுதான் நடக்குது. மூணு மாசத்துல குழி விழுந்துரும். தூசிய ஊதி எடுத்து, நனைச்சு, சுருங்காத சாந்தா உள்ள வரைக்கும் இறுக்கணும், சுண்ணாம்புச் சுவருன்னா சுண்ணாம்புச் சாந்து. செங்கச் சுவத்துல போல்ட்டு சுத்திக்கிட்டே இருந்துச்சுன்னா இன்னும் பெரிய போல்ட்டப் போடாதீங்க, வேற எடம் பாருங்க, இல்ல கெமிக்கல் ஆங்கர் (ஓட்டைக்குள்ள பசைய விட்டு போல்ட்ட ஒட்டுறது) வைக்கச் சொல்லுங்க.

அப்புறம் இந்தப் பழைய போர்டோட நிழலு. போர்டு இருந்த எடம் மட்டும் கலர் மங்காம கட்டம் கட்டுனாப்ல தெரியும். அந்தக் கட்டத்துக்கு மட்டும் டச்சப் அடிச்சா எந்தக் கம்பெனி பெயிண்டா இருந்தாலும் சேராது. ஒரு மூலையில இருந்து மறு மூல வரைக்கும் முழுசா அடிக்கணும். புது போர்டு பழசவிடச் சின்னதுன்னா இந்தக் காச முதல்லயே கணக்குல வைங்க.

இப்ப தமிழ் எழுத்து பெருசா இருக்கணும்னு ஆளுக போர்டு மாத்த வாராய்ங்க, தமிழு இங்கிலீசு மத்த பாஷை 5:3:2 கணக்குல. நல்ல விசயம், எழுத்துக்காரனா எனக்கு அதுல சந்தோசந்தான். இப்பல்லாம் பார்ட்டிகிட்ட சொல்லிருவேன், கழட்டிட்டு ஒரு வாரம் விட்டுத்தான் மாட்டுவேன், அதுக்குள்ள ஒரு கொத்தனாரக் கூப்ட்டு சுவத்தக் காட்டுங்கன்னு. பாதிப் பேரு வேற ஆளுகிட்டப் போயிருவாய்ங்க. மிச்சப் பாதி கேக்குறாய்ங்க.

சிவில் டிப்ளமோ, கோவை:

ஈரம், துரு பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க, நெருப்பைப் பத்தி நான் சொல்லிடறேனுங்க. ஏ.சி.பி.ங்கறது ரெண்டு மெல்லிசான அலுமினியத் தகட்டுக்கு நடுவுல ஒரு அடுக்கு. சல்லிசான ஷீட்ல அந்த நடு அடுக்கு பாலிஎத்திலீன், அதாவது பிளாஸ்டிக், நல்லா எரியும். 2017 ஜூன் 14 லண்டன்ல கிரென்ஃபெல் டவர்ங்கற அடுக்குமாடிக் குடியிருப்புத் தீயில 72 பேர் போனாங்க, வெளிச்சுவர்ல போர்த்தியிருந்த இந்த மாதிரி ஷீட் வழியாத்தான் தீ மேல மேல ஏறுச்சு. நம்ம கடைகள்ல ஷீட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற சந்து புகைபோக்கி மாதிரி வேலை செய்யும், அந்தச் சந்துக்குள்ளயேதான் எல்.இ.டி. பவர் சப்ளையும் டேப் சுத்துன ஒயர் ஜாயிண்ட்டும் கெடக்குது. மேல மாடியில ட்யூஷன் சென்டர், ஜன்னலையும் சேத்து ஷீட்ல மூடியிருப்பாங்க. நானே ஒரு கட்டடத்துல பாத்து சண்டை போட்டு ரெண்டு ஜன்னலைத் திறக்க வெச்சேனுங்க.

கும்பகோணத்துக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்ல. 2004 ஜூலை 16ல உங்க ஊர்ப் பள்ளிக்கூடத் தீயில 94 குழந்தைங்க போனாங்க. அது கூரையில பத்துன தீ, ஷீட் இல்ல, ஆனா வெளிய வர வழியில்லாமப் போனா என்ன ஆகும்னு உங்க ஊருக்குத் தெரியும்.

ஏ.சி.பி.தான் வேணும்னா எஃப்.ஆர். கிரேடுன்னு (சுலபமா தீப்பிடிக்காத ரகம்) பில்லுல எழுதி வாங்குங்க, பவர் சப்ளையைத் தனி டப்பாவுல கை எட்டற எடத்துல வெளிய வெக்கச் சொல்லுங்க, ஜன்னலை மட்டும் எதுக்காகவும் மூடாதீங்க.

பாத்திரக்கடை, கும்பகோணம்:

சார், எங்க மாடி ஜன்னல் ரெண்டும் பத்து வருஷம் ஷீட்டுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. நீங்க எழுதுனதைப் படிக்கற வரைக்கும் அதை நான் இருட்டா இருக்குன்னு மட்டும்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்போ திறந்தாச்சு.

தேக்கா, சிங்கப்பூர்:

நான் இங்க ரினோவேஷன் வேலையில இருக்கேன். லிட்டில் இந்தியாவை 1989லயே பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அறிவிச்சுட்டாங்க, அதனால பழைய கடைவீட்டு முகப்புல நெனச்ச எடத்துல போர்டு அடிக்க முடியாது, ஜன்னலையோ பூவேலையையோ மறைச்சா அனுமதி கிடைக்காது. பெரும்பாலும் அஞ்சடிக்கு (கடை முன்னாடி கூரையோட இருக்கற நடைபாதையை இங்க அப்படித்தான் சொல்லுவோம்) மேல தூணுக்கும் தூணுக்கும் நடுவுலதான் போர்டு நிக்கும். ஆரம்பத்துல எனக்கு இது பெரிய தொல்லையாத் தெரிஞ்சுது. அப்புறம் ஒரு கடையில பழைய போர்டை இறக்கிட்டு உள்ள இருந்த பூவேலையைச் சுண்ணாம்பு வெச்சு சரி பண்ற வேலையில ரெண்டு வாரம் நின்னேன், அதுலேந்து ஊருக்கு வர்றப்பல்லாம் காரைக்குடி, தஞ்சாவூர் கடைத்தெருவுல ஷீட்டைப் பாத்தா பின்னாடி என்ன இருக்குமோன்னு எட்டிப் பாக்கத் தோணுது. உங்க ஊர்ல சட்டம் சொல்லாமலே உங்க அம்மா நிறுத்துனாங்க பாருங்க, அவங்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

பாத்திரக்கடை, கும்பகோணம்:

சொல்லிட்டேண்ணே, சிரிச்சாங்க.

இந்த ஐப்பசி மழை எப்படித் தாங்குச்சுன்னு கேட்டு ரெண்டு பேர் தனியா மெசேஜ் போட்டிருந்தீங்க. நாலு நாள் விடாம பேஞ்சப்போ சுவரு பூராவும் நனைஞ்சு சாம்பல் நிறமா ஆச்சு, பயந்துட்டேன், வெயில் வந்த மூணாம் நாள் திரும்ப வெள்ளையாயிருச்சு. எங்கயும் பொரியல, உப்பு பூக்கல. இடது மயிலு தோகைகிட்ட மட்டும் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், ஃபோட்டோ எடுத்து பெரியவருக்கு அனுப்புனேன். இப்போ தொடாதீங்க, தையில ஈரம் வத்துனதும் நானே வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கார்.